ஒரு நாளைக்கு 15 நிமிடம்: பிள்ளையின் எழுத்தறிவு வீட்டில் தொடங்கட்டும்

(தமிழ்ப்பள்ளி ஒன்றில், பாலர் பள்ளி மற்றும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல் நேரே இங்கு வந்திருக்கும் அம்மாமார்கள் இருக்கிறீர்கள். லாரி ஓட்டுபவர்கள், பாதுகாவலர் வேலை செய்பவர்கள், துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கலாம். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பிள்ளை பள்ளியில் பின்தங்குவது ஆறாம் ஆண்டிலோ ஐந்தாம் படிவத்திலோ தொடங்குவதில்லை. முதலாம் ஆண்டின் முதல் சில மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் பிள்ளை வாசிக்கிறது, நம் பிள்ளைக்கு எழுத்தே பிடிபடவில்லை. வாத்தியார் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். நம் பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறது. குனிந்த தலையைப் பிறகு நிமிர்த்துவது பெரும்பாடு. இதை வீட்டிலேயே தடுக்க முடியும். அதற்கு டியூஷன் பணம் வேண்டாம், பெரிய படிப்பும் வேண்டாம். ஒரு நாளைக்கு 15 நிமிடம் போதும். அந்த 15 நிமிடத்தில் என்ன செய்வது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

கைநாட்டுக் காலத்தை மறக்கக் கூடாது

உரிமை பேசும் இயக்கத்துக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் முன்னோர்களை நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் எந்தத் தாளை நீட்டினாலும் பலர் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பது நீட்டியவருக்குத்தான் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், வீட்டைக் காலி செய்யச் சொன்னபோதும், கைக்கு வந்த கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்தார்கள். வாசிக்கத் தெரியாதவனின் உரிமை பெரும்பாலும் அடுத்தவன் கையில்தான் இருக்கும்.

இந்நாட்டில் தமிழ்க் கல்வி 1816-இல் பினாங்கில் தொடங்கியது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பல தோட்டங்களில் ஒரு கொட்டகை போட்டார்கள். எழுத்துத் தெரிந்த கங்காணியோ கிராணியோ வாத்தியார் ஆனார். பால்வெட்டு முடிந்த நேரத்தில்தான் பாடம். அப்படிப்பட்ட பள்ளிகளில் படித்தவர்கள்தான் சங்கம் வைத்தார்கள், கூலி உயர்வு கேட்டார்கள், பத்திரிகை நடத்தினார்கள். 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500-க்குச் சற்று மேல்தான் இருக்கின்றன. மிஞ்சிய பள்ளிகளைக் காப்பாற்ற ஊர்வலம் போகிறோம், மனு கொடுக்கிறோம். அது வேண்டும். ஆனால் அந்தப் பள்ளிக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றால், கட்டடம் மட்டும் நின்று என்ன பயன்?

மூன்று தவறான எண்ணங்கள்

முதலாவது: "நானே படிக்கவில்லை, நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" படிக்காத பெற்றோர் பலர் இப்படி ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை. வாசிப்புக்கு அடித்தளம் பேச்சு. நிறையச் சொற்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, புத்தகத்தில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போது சட்டென்று பிடித்துக்கொள்ளும். 'நுங்கு' என்ற சொல்லையே கேட்டிராத பிள்ளை, எழுத்துக் கூட்டி 'நுங்கு' என்று வாசித்தாலும் அதற்குப் பொருள் தெரியாது. முன்பு தோட்டத்தில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, சுற்றி உட்கார்ந்து பலர் கேட்டார்கள். எழுத்துத் தெரியாதவர்களும் நாட்டு நடப்பு பேசினார்கள். திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்தவர், அதற்கு அடுத்து கல்லாமையைச் சொல்லி, உடனே கேள்விக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். காதால் கேட்பதும் கல்விதான்.

இரண்டாவது: "வீட்டில் தமிழ் பேசினால் மலாயும் ஆங்கிலமும் வராது." இந்தப் பயத்தால், தனக்கே சரளமாக வராத மொழியில் பிள்ளையிடம் நாலு சொல் பேசிவிட்டு நிறுத்திக்கொள்ளும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்கு எந்த மொழியும் முழுதாகக் கிடைப்பதில்லை. தாய்மொழியில் கல்வியைத் தொடங்குவதே சிறந்தது என்று யுனெஸ்கோ 1953-லேயே அறிக்கை வெளியிட்டது. காரணம் எளிது. எழுத்துக்கு ஓர் ஒலி உண்டு, ஒலிகள் சேர்ந்தால் சொல், சொல்லுக்குப் பொருள் உண்டு என்ற சூட்சுமத்தைப் பிள்ளை ஒரு முறைதான் கண்டுபிடிக்க வேண்டும். தெரிந்த மொழியில் அதைக் கண்டுபிடித்துவிட்டால், மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் அதுவே உதவும்.

மூன்றாவது: "கைப்பேசியில் அ, ஆ பாட்டு ஓடுகிறது, அது கற்றுக்கொள்ளும்." பாட்டு நல்லதுதான். ஆனால் பிள்ளை தப்பாகச் சொன்னால் கைப்பேசி திருத்தாது. "ஏன்?" என்று கேட்டால் பதில் சொல்லாது. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். அது அக்காவாகவோ, சித்தப்பாவாகவோ, பாட்டியாகவோ இருக்கலாம்.

முதல் படி: பேச்சும் ஒலியும்

முருங்கைக் கீரை உருவும்போது, துணி மடிக்கும்போது, வேனுக்குக் காத்திருக்கும்போது பேசுங்கள். "சாப்பிட்டியா, தூங்கு, சத்தம் போடாதே" என்ற மூன்றோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது. "இன்று பள்ளியில் யார் அழுதார்கள்? ஏன் அழுதார்கள்? நீ என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். பிள்ளை நீளமாகப் பதில் சொல்லட்டும். பாட்டி விடுகதை போடட்டும். கப்பலேறி வந்த கதையும், பால்மரக் காட்டில் புலி வந்த கதையும் நம் வீட்டிலேயே இருக்கின்றன, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

பிறகு ஒலி விளையாட்டு. இதற்கு எழுத்தே வேண்டாம். "ம என்று தொடங்கும் சொல் சொல்லு பார்க்கலாம்: மரம், மணி, மல்லிகை." அடுத்தவர் ஒன்று சொல்ல வேண்டும். "ப-ற-வை" என்று மூன்று முறை கை தட்டுங்கள், "ம-ணி" என்று இரண்டு முறை. ஒரு சொல் பல ஒலிகளால் ஆனது என்பதைக் காது முதலில் பிடிக்க வேண்டும். கண் பிறகு பிடிக்கும்.

ஜொகூரில் பல தந்தையர்கள் விடியும் முன்பே பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பிள்ளை விழித்திருக்கும்போது அவர்கள் வீட்டில் இருப்பதே அரிது. அவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஓய்வு நேரத்தில் இரண்டு நிமிடக் கதையை வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள். இரவில் அப்பா குரலில் கதை கேட்டுப் பிள்ளை தூங்கட்டும்.

இரண்டாம் படி: எழுத்து

தமிழில் 247 எழுத்து என்றதும் பெற்றோரே மலைத்துப்போகிறார்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆனால் அந்த 216-ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 18 மெய்யும் குறிகளும் தெரிந்தால் பெரும்பாலானவற்றைப் பிள்ளையே கூட்டிவிடும். உகர, ஊகார வரிசை மட்டும், அதாவது கு, கூ, டு, டூ, மு, மூ போன்றவை, ஒவ்வொன்றும் ஒரு வடிவம் எடுக்கும். அதற்குக் கொஞ்சம் கூடுதல் நாள் வேண்டும்.

அட்டவணையைச் சுவரில் ஒட்டி, "அ-விலிருந்து ஒளகாரம் வரை சொல்லு" என்று நிற்க வைக்காதீர்கள். பல பிள்ளைகள் பாட்டு மாதிரி ஒப்பித்துவிடும், நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டினால் விழிக்கும். எளிய வடிவமுள்ள எழுத்துகளில் தொடங்குங்கள். ட, ப, ம. மூன்றே எழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தால் படம், மடம், பட்டம் என்று வாசிக்கலாம். முதல் வாரத்திலேயே பிள்ளை ஒரு முழுச் சொல்லை வாசித்துவிடும். அந்தச் சந்தோஷம்தான் அடுத்த வாரத்துக்கு இழுத்துச் செல்லும்.

ர சேர்த்தால் மரம். க, ல சேர்த்தால் கல், பல், கடல், பகல். பிறகு துணைக்கால் ஒன்றைக் காட்டுங்கள். கல், கால். பல், பால். படம், பாடம். ஒரு குறி வந்ததும் ஒலி நீள்கிறது, பொருளே மாறுகிறது என்று பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும். ஒரு குறி நன்றாகப் படிந்த பிறகு அடுத்த குறிக்குப் போங்கள். அவசரம் வேண்டாம்.

பிள்ளைகள் தடுமாறும் சில இடங்களை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, கெ, கே, கை. இவற்றில் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ-வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு இது குழப்பம்தான். "முன்னால் கொம்பு நின்றாலும் முதலில் க-வைப் பார்" என்று விரல் வைத்துக் காட்டுங்கள்.

இரண்டு, பேச்சும் புத்தகமும். வீட்டில் "எல", "வெரல்", "அவங்க வந்தாங்க" என்கிறோம். புத்தகத்தில் "இலை", "விரல்", "அவர்கள் வந்தார்கள்" என்று இருக்கிறது. பிள்ளை 'எலை' என்று எழுதினால் முட்டாள்தனம் இல்லை, கேட்டதை எழுதியிருக்கிறது. "வீட்டில் அப்படிச் சொல்வோம், புத்தகத்தில் இப்படி எழுதுவோம்" என்று சொல்லுங்கள். நம் பேச்சைக் கேலி செய்ய வேண்டாம். தினமும் ஒரு பக்கம் உரக்க வாசித்துக் காட்டினால் புத்தகத் தமிழும் காதுக்குப் பழகிவிடும்.

மூன்று, பழைய எழுத்து. லை, னை, ணை, றா, னா, ணா போன்ற எழுத்துகளுக்கு முன்பு வேறு வடிவம் இருந்தது. 1978-இல் தமிழ்நாட்டு அரசு அவற்றைச் சீர்திருத்தியது. பிறகு மலேசியா, சிங்கப்பூர்ப் பாடநூல்களும் புதிய வடிவத்துக்கு மாறின. தாத்தா பழைய முறையில் எழுதிக் காட்டினால் பிள்ளை குழம்பும். தாத்தா பாட்டிமார்கள் பாடநூலை ஒரு முறை புரட்டிப் பார்த்துக்கொண்டால் போதும்.

நான்கு, ல, ள, ழ. இந்த உச்சரிப்பு சில பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் வரும். நீங்கள் சரியாகச் சொல்லிக் காட்டுங்கள், திட்டாதீர்கள்.

வாசிக்க வீட்டில் என்ன இருக்கிறது? கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், தமிழ் நாட்காட்டி, தமிழ் நாளிதழ், கடைப் பலகை. "இதில் ம எங்கே இருக்கிறது, கண்டுபிடி" என்று சொல்லுங்கள். தேடுவதே விளையாட்டாகிவிடும்.

மூன்றாம் படி: எழுதுதல்

நான்கு வயதுப் பிள்ளை கையில் பென்சிலைத் திணித்து நோட்டுப் புத்தகத்தில் பத்துப் பக்கம் எழுத வைப்பது வேண்டாம். முதலில் விரலுக்குப் பலம் வர வேண்டும். சப்பாத்தி மாவு உருட்டட்டும், பூக் கோர்க்கட்டும், துணிக் கவ்வி மாட்டட்டும், அம்மாவோடு கோலப்புள்ளி வைக்கட்டும். இதெல்லாம் எழுத்துப் பயிற்சிதான். பிறகு தட்டில் அரிசி பரப்பி விரலால் எழுதட்டும். விஜயதசமியில் ஒரு நாள் அரிசியில் எழுத வைக்கிறோமே, அதை மற்ற நாட்களிலும் செய்யலாம். சிமெண்டுத் தரையில் தண்ணீரைத் தொட்டு எழுதலாம், செலவு ஒரு காசு இல்லை.

முதலில் எழுத வேண்டிய சொல் பிள்ளையின் பெயர். பிறப்புப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் நம் பெயர் ரோமன் எழுத்தில்தான் இருக்கிறது. தன் பெயரைத் தமிழில் பார்த்தே இராத பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். இன்று இரவே ஒரு தாளில் பெரிதாக எழுதி, பிள்ளை படுக்கும் இடத்தில் ஒட்டுங்கள். உங்களுக்கு எழுதத் தெரியாவிட்டால் பள்ளி ஆசிரியரிடம் எழுதி வாங்குங்கள்.

அடுத்து, காரணத்தோடு எழுதச் செய்யுங்கள். கடைக்குப் போகும்போது "பால், வடை, பழம்" என்று பட்டியலைப் பிள்ளை எழுதட்டும். பாட்டிக்கு ஒரு வரிக் கடிதம் எழுதட்டும். பிள்ளை சொல்லச் சொல்ல அக்கா எழுதிக் கொடுத்து, பிறகு இருவரும் சேர்ந்து வாசிக்கட்டும். நான்கு பிழை இருந்தால் ஒன்றை மட்டும் திருத்துங்கள். தாள் முழுக்கச் சிவப்புக் கோடு போட்டால், நாளைக்குப் பென்சிலையே தொடாது.

அடிப்பதும் "மண்டு" என்று சொல்வதும் வேண்டவே வேண்டாம். நாள் முழுக்க வெளியில் நம்மைத் தாழ்த்திப் பேசுகிறவர்கள் உண்டு. வீட்டிலும் பிள்ளை அதையே கேட்க வேண்டுமா?

நேரம் எங்கே?

"ஓவர்டைம் முடிந்து வரவே இரவு எட்டு மணி ஆகிறது" என்பீர்கள். உண்மைதான். ஆகவேதான் 15 நிமிடம் என்கிறேன். 5 நிமிடம் பேச்சும் ஒலியும், 5 நிமிடம் வாசிப்பு, 5 நிமிடம் எழுத்து. தொலைக்காட்சித் தொடர் தொடங்குவதற்கு முன் முடிந்துவிடும். ஆண்டில் 300 நாள் செய்தால் 75 மணி நேரம் ஆகிறது. ஒரே ஒரு பிள்ளைக்கு, பக்கத்தில் உட்கார்ந்து, 75 மணி நேரம்! முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியரால் நம் பிள்ளைக்கு மட்டும் இவ்வளவு நேரம் கொடுக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைத்து வதைப்பதைவிட, தினமும் கொஞ்சம் செய்வதே நிற்கும். நீங்கள் ஷிப்டில் இருக்கும் நாளில் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுங்கள். ஒரே பிளாக்கில் நாலு வீட்டுப் பிள்ளைகள் இருந்தால், இடைநிலைப்பள்ளியில் படிக்கும் ஒரு தம்பியோ தங்கையோ சேர்த்து உட்கார வைக்கலாம்.

கவனிக்க வேண்டியவை, கேட்க வேண்டியவை

முன்பு யுபிஎஸ்ஆர் தேர்வு வந்தபோதுதான் பிள்ளைக்கு வாசிக்க வராதது சில பெற்றோருக்குத் தெரிந்தது. 2021-இல் அந்தத் தேர்வும் கைவிடப்பட்டது. ஆகவே தேர்வு சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாதம் ஒரு முறை பிள்ளையைப் பக்கத்தில் வைத்துப் புதிய பக்கம் ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். பழகிய பக்கம் வேண்டாம், அது மனப்பாடமாக இருக்கும்.

புத்தகத்தை முகத்தருகே பிடித்தால் கண்ணைப் பரிசோதியுங்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காதைப் பரிசோதியுங்கள். பல மாதம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தும் எழுத்து மனதில் நிற்கவே இல்லை என்றால் ஆசிரியரிடமும் அரசு மருத்துவரிடமும் பேசுங்கள். எழுத்தைப் பிடிப்பதில் மட்டும் சிரமப்படும் புத்திசாலிப் பிள்ளைகள் உண்டு. அதை மறைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பள்ளிகள் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019-இல் நடப்புக்கு வந்தது. அதைச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

வீட்டில் நாம் செய்கிறோம் என்பதற்காக அரசாங்கத்தின் கடமை குறைந்துவிடாது. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம் என்று சட்டம் சொல்கிறது. நம்மைக் கட்டாயப்படுத்துகிறவர்கள், நமக்கு வேண்டியதைத் தரவும் கடமைப்பட்டவர்கள். ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போய்க் கேளுங்கள். நம் பள்ளியில் அரசு பாலர் வகுப்பு இருக்கிறதா? இடம் கிடைக்காத பிள்ளைகள் எத்தனை பேர்? முதலாம் ஆண்டில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறீர்கள்? பள்ளி நூலகப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்கிறீர்களா, அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறீர்களா? பக்கத்துப் பொது நூலகத்தில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். பத்துக் குடும்பம் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அதை ஒதுக்குவது கடினம்.

இன்னொன்று. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை பள்ளி வாசலிலேயே நின்றுவிடும் அபாயம் இருக்கிறது. உங்கள் குடும்பத்திலோ அண்டை வீட்டிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஏழு வயது வரட்டும் என்று இருக்காதீர்கள். இப்போதே பதிவிலாகாவுக்குப் போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால், விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் மூன்றே காரியம் செய்யுங்கள். பிள்ளையின் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ட, ப, ம மூன்றையும் காட்டுங்கள். தூங்கும் முன் ஒரு கதை சொல்லுங்கள். நாளையும் அதையே செய்யுங்கள். ஒரு மாதம் விடாமல் செய்துவிட்டு, பிள்ளை எதில் தடுமாறுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். அவருக்கும் அது உதவும்.

நம் பிள்ளைகள் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும், முதலில் வாசித்துவிட்டுப் போடட்டும்.